பட்டறைக்காரர்கள் எழுப்பிய மண்டபம்

2025 அக்டோபர் 9 அன்று கோவை அவிநாசி சாலையில் இரண்டு விழாக்கள் நடந்தன. உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் நீளத்தில், 1,791 கோடி ரூபாய் செலவில் கட்டி முடித்த மேம்பாலத்துக்கு ஜி.டி.நாயுடுவின் பெயரைச் சூட்டி முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் திறந்துவைத்தார். அதே நாளில் கொடிசியா வளாகத்தில் உலகப் புத்தொழில் மாநாட்டையும் தொடங்கிவைத்தார். மேம்பாலத்துக்குப் பெயர் கொடுத்தவர் யார் என்று கோவையில் பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். மாநாடு நடந்த மண்டபத்தைக் கட்டியவர்கள் யார் என்று கேட்டால், பல வருஷமாக அங்கே புத்தகத் திருவிழாவுக்குப் போய்வரும் பெரியவர்களுக்குக்கூடச் சட்டென்று பதில் வராது.

“அரசாங்கத்து இடந்தானுங்களே?” என்பார்கள் பலர். ஏதோ பெரிய கம்பெனியின் சொத்து என்று நினைப்பவர்களும் உண்டு. இரண்டும் தவறு. கோவை மாவட்டச் சிறுதொழில்கள் சங்கம் 1969-ல் தொடங்கியது. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கோத்தால் கிடைப்பதுதான் கொடிசியா. அந்தச் சங்கம் கட்டி, அந்தச் சங்கமே நடத்திவரும் வளாகம் இது. நாலு லேத்தும் ஒரு டிரில்லிங் மெஷினும் வைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமைதோறும் பூசணிக்காய் சுற்றி உடைத்துத் தொழில் நடத்துகிறவர்களின் சங்கம். ஒரு பெருநகரத்தின் முதன்மையான மாநாட்டு மண்டபத்தைச் சிறுதொழில்காரர்கள் சேர்ந்து எழுப்பிய கதை இந்தியாவில் அரிது. அந்தத் தொடக்க காலக் கதையைக் கோவை இன்னும் ஒழுங்காக எழுதிவைக்கவில்லை. எழுதாமல் விட்டால், மண்டபம் எதற்காக எழுந்ததோ அந்த நோக்கமும் மெல்லத் தேய்ந்துபோகும் என்பதுதான் கவலை.

கொங்கு நாட்டுக்குக் கண்காட்சி புதிதில்லை, பெயர்தான் புதிது. வெள்ளகோவில் பக்கம் கண்ணபுரத்தில் மாரியம்மன் தேரை ஒட்டிச் சித்திரையில் மாட்டுச் சந்தை கூடும். காங்கயம் காளைகளும் மயிலைப் பசுக்களும் காட்டை நிறைத்து நிற்கும். ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவில் குதிரைச் சந்தை. பொள்ளாச்சியில் செவ்வாயும் வியாழனும் மாட்டுச் சந்தை; ஈரோட்டில் வாரந்தோறும் ஜவுளிச் சந்தை. மாடு வாங்க வந்தவர் எடுத்த எடுப்பில் விலை கேட்க மாட்டார். சுழி பார்ப்பார். பல்லைப் பிடித்து வயதைக் கணிப்பார். நாலு எட்டு நடக்கவிட்டுக் குளம்பைக் கவனிப்பார். எல்லாம் மனசுக்குப் பிடித்த பிறகுதான் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். கண்ணால் பார்த்து, கையால் தொட்டுப் பார்க்காமல் காசை அவிழ்க்காத இந்த வழக்கம், காட்டை விட்டுப் பட்டறைக்கு வந்த தலைமுறையிடமும் அப்படியே இருந்தது. எந்திரம் வாங்கும்போதும் அவர்கள் பல்லைப் பிடித்துப் பார்க்க விரும்பினார்கள்.

பட்டறைகள் வந்த வழி தெரிந்ததுதான். 1888-ல் ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கிய நூற்பாலை முன்னோடி. 1930-களில் பைக்காரா மின்சாரம் மலையிறங்கி வந்ததும் மில்கள் வரிசையாக முளைத்தன. மில் இருந்தால் பழுது பார்க்க ஆள் வேண்டும், உதிரிபாகம் வார்க்க பவுண்டரி வேண்டும். கிணறு ஆழமாகிக்கொண்டே போன மாவட்டத்தில் தண்ணீர் இறைக்க மோட்டார் வேண்டும். 1937-ல் ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் உள்நாட்டிலேயே மின்மோட்டார் செய்து காட்டினார்கள். அதற்குப் பிறகு பீளமேடு, ஆவாரம்பாளையம், கணபதி, சிங்காநல்லூர் என்று தெருத்தெருவாகப் பட்டறைகள் பெருகின. பம்ப்செட், வெட் கிரைண்டர், மில் உதிரிபாகம், வால்வு, கியர். பின்னாளில் கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது இந்தத் தெருக்களின் உழைப்புக்கான அங்கீகாரம்.

எந்திரத்தை மக்கள் பார்வைக்கு வைக்கும் பழக்கத்தையும் இங்கே முதலில் பெரிய அளவில் செய்தவர் ஜி.டி.நாயுடுதான். அவிநாசி சாலையில் கோபால் பாக் வளாகத்தில் தொழிற்கண்காட்சி ஒன்றை நிரந்தரமாகவே அமைத்தார். 1945-ல் அவர் முன்னின்று தொடங்கிய பொறியியல் கல்லூரிக்கு அன்றைய மதராஸ் ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் பெயரை வைத்தார்கள். நாலு வருஷப் படிப்பு வீண், அதைவிடக் குறைந்த காலத்தில் பொறியாளரை உருவாக்கலாம் என்று அரசோடு வாதாடி, ஒத்துவராமல் விலகிக்கொண்டார் நாயுடு. கல்லூரி தடாகம் சாலைக்குப் போய் இன்று அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக இருக்கிறது. அவிநாசி சாலை பஸ் ஸ்டாப் மட்டும் இன்றும் ஹோப் காலேஜ். கொடிசியாவுக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் பலர் அங்கே இறங்கித்தான் வழி கேட்கிறார்கள்.

ஆனால் கோபால் பாக் கண்காட்சி தனி மனிதர் ஒருவரின் அறிவுக் களஞ்சியம். பார்த்து வியக்கலாம், வாங்கி வர முடியாது. வாங்கவும் விற்கவும் ஓர் இடம் தேவை என்ற எண்ணம் கொடிசியாவுக்கு வந்து சேர இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

அதற்குக் காரணம் இருக்கிறது. 1969-ல் சங்கம் தொடங்கியபோது சிறுதொழில்காரரின் கவலை சந்தை பற்றியது இல்லை, கோட்டா பற்றியது. பவுண்டரிக்குக் கச்சா இரும்பும் கோக்கும் வேண்டுமென்றால் ஒதுக்கீடு வேண்டும். ஸ்டீலுக்கு பெர்மிட் வேண்டும். மின்வெட்டு வந்தால் எந்த நாளில் பட்டறையை ஓட்டலாம் என்று அரசாணையைப் பார்க்க வேண்டும். இன்னொரு பக்கம் சிறுதொழிலுக்குப் பாதுகாப்பும் இருந்தது. சிறுதொழில் மட்டுமே செய்யலாம் என்று மத்திய அரசு 1967-ல் 47 பொருள்களை ஒதுக்கியது. பின்னாளில் அந்தப் பட்டியல் 800-ஐத் தாண்டியது. இப்படிப்பட்ட காலத்தில் ஒரு சங்கத்தின் முதல் வேலை மனு எழுதுவது, சென்னைக்கும் டெல்லிக்கும் தூக்கிக்கொண்டு அலைவது, அதிகாரியைப் பார்க்கக் காத்திருப்பது. அது குறைந்த வேலை இல்லை. அந்த மனுக்களால் பிழைத்த பட்டறைகள் ஏராளம்.

1991-க்குப் பிறகு நிலைமை தலைகீழாக மாறியது. கோட்டா போனது, அதோடு பாதுகாப்பும் கரையத் தொடங்கியது. ஒதுக்கீட்டுப் பட்டியலில் கடைசியாக மிஞ்சிய 20 பொருள்களும் 2015-ல் நீக்கப்பட்டுக் கணக்கு முடிந்தது. இடைப்பட்ட காலத்தில் ஆவாரம்பாளையத்துப் பட்டறைக்காரர் ஒரே நேரத்தில் தைவானோடும் கொரியாவோடும் ராஜ்கோட்டோடும் போட்டி போட வேண்டியிருந்தது. கையால் ஹேண்டில் சுற்றி ஓட்டிய லேத்தில் ஒரு ஷாப்டைக் கடைந்து முடிப்பதற்குள், கணினி வழி இயங்கும் சிஎன்சி எந்திரம் பத்தை முடித்துத் தள்ளியது. பத்தும் ஒரே அளவில், மைக்ரான் பிசகாமல். அந்த எந்திரத்தை வாங்க வீட்டையும் காட்டையும் அடமானம் வைக்க வேண்டும். பார்க்காமல் எப்படி வாங்குவது?

பார்க்க வேண்டுமென்றால் மும்பைக்கோ டெல்லிக்கோ போக வேண்டும். எந்திரக் கருவி உற்பத்தியாளர்களின் தேசியக் கண்காட்சியான இம்டெக்ஸ் 1969-லிருந்தே அந்த ஊர்களில்தான் நடந்துவந்தது. பெரிய மில் முதலாளிகள் விமானத்தில் போய் வந்தார்கள். அஞ்சு பேரை வைத்துத் தொழில் செய்பவர் ரயிலில் இரண்டு ராத்திரி போய், லாட்ஜில் தங்கி, இந்தி தெரியாமல் ஸ்டால் ஸ்டாலாக அலைந்து, திரும்பி வருவதற்குள் பட்டறையில் ஒரு வாரம் ஓடியிருக்கும். ஆளைக் கூட்டிப் போவதும் முடியாத காரியம். எந்திரத்தை ஓட்டப்போகிற ஆபரேட்டரின் அபிப்பிராயம் இல்லாமல் முதலாளி மட்டும் பார்த்து வாங்குவது பாதிக் கண்ணால் பார்ப்பதுதான். எந்திரம் கோவைக்கு வந்தால், ஒரே ஸ்கூட்டரில் இருவரும் போய்ப் பார்த்துவிட்டு மத்தியான ஷிப்டுக்குத் திரும்பிவிடலாம்.

இந்தக் கணக்குத்தான் கொடிசியா மண்டபத்தின் அஸ்திவாரம். மனு கொடுக்கும் சங்கம் மண்டபம் கட்டும் சங்கமாக மாறியது, கோவைத் தொழில் வரலாற்றில் மில்களின் வருகைக்கு அடுத்தபடி முக்கியமான திருப்பம் என்று தயங்காமல் சொல்லலாம். அரசிடம் கேட்டு வாங்குவதைவிட, வாங்குகிறவனை ஊருக்கு வரவழைப்பது முக்கியம் என்று அந்தத் தலைமுறை முடிவுசெய்தது.

நூற்றாண்டு திரும்பிய காலத்தில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில், அவிநாசி சாலையை ஒட்டிய 40 ஏக்கரில் வளாகம் எழுந்தது. ஆறே மாதத்தில் கட்டி முடித்ததாக லிம்கா சாதனைப் புத்தகத்தில் பதிவானது. கண்காட்சிக்கான பரப்பு 1,60,000 சதுர அடி. நாட்டிலேயே பெரிய தூணில்லா மண்டபம் என்ற பெயரும் அதற்குக் கிடைத்தது. நடுவில் தூண் இல்லை என்பதை அலங்காரம் என்று நினைத்துவிடக் கூடாது. லாரியில் வந்திறங்கும் அஞ்சு டன் எடையுள்ள எந்திரத்தை மண்டபத்துக்குள் கொண்டுபோய், கிரேனிலோ ஃபோர்க்லிப்டிலோ தூக்கித் திருப்பி, குறித்த சதுரத்தில் இறக்கி, மட்டம் பார்த்து நிறுத்த வேண்டும். பக்கத்து ஸ்டாலில் அதே நேரம் இன்னொரு எந்திரம் இறங்கிக்கொண்டிருக்கும். வழியில் தூண் இருந்தால் வேலை இரட்டிப்பு, ஆபத்தும் இரட்டிப்பு. தரை எடை தாங்க வேண்டும். ஒவ்வொரு ஸ்டாலுக்கும் த்ரீ ஃபேஸ் மின்சாரம் வர வேண்டும், சில எந்திரங்களுக்குக் கம்ப்ரெஸ்ஸர் காற்றும் வேண்டும். ஏனென்றால் கோவைப் பட்டறைக்காரர் நின்றுகொண்டிருக்கும் எந்திரத்தை நம்ப மாட்டார். ஓட வேண்டும். சுருள் பறக்க வேண்டும்.

அங்கே கொடிசியா நடத்தும் எந்திரக் கண்காட்சியான இன்டெக்கில் ஒவ்வொரு முறையும் காணக் கிடைக்கும் காட்சி ஒன்று உண்டு. எந்திரம் ஒரு பாகத்தைக் கடைந்து தட்டில் தள்ளும். விற்பனைப் பிரதிநிதி திரையைக் காட்டி விளக்கிக்கொண்டே இருப்பார். பார்க்க வந்தவர் காதை அவருக்குக் கொடுத்தபடி அந்தப் பாகத்தைக் கையில் எடுப்பார். கட்டைவிரல் நகத்தால் விளிம்பைத் தடவி பிசிர் இருக்கிறதா என்று பார்ப்பார். சட்டைப் பையிலிருந்து சொந்த வெர்னியரை எடுத்து அளப்பார். இன்னும் இரண்டை எடுத்து அளப்பார். மூன்றும் ஒத்துப்போனால்தான் முதல் கேள்வியைக் கேட்பார். அது பெரும்பாலும் விலையைப் பற்றி இருக்காது. ஸ்பிண்டில் பேரிங் போனால் மாற்ற எத்தனை நாள் ஆகும், சர்வீஸ் ஆள் கோவையிலேயே இருக்கிறாரா என்றுதான் கேட்பார். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாத கம்பெனி அடுத்த கண்காட்சிக்குள் கோவையில் ஒரு கிளை திறந்தாக வேண்டும். ஒரு மண்டபம் ஊருக்குச் செய்கிற உண்மையான காரியம் இது.

மண்டபம் எழுந்த காலத்தையும் சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும். 1997 நவம்பர் கலவரம். 1998 பிப்ரவரி 14 தொடர் குண்டுவெடிப்பு. 58 உயிர்கள் போயின. கடைவீதிகள் முடங்கின, வெளியூர் வியாபாரிகள் கோவை என்றாலே யோசித்த ஆண்டுகள் அவை. அந்த ரணம் ஆறுவதற்குள் நாடெங்குமிருந்து ஆட்களை அழைக்கும் மண்டபத்தை ஊரின் கிழக்கு வாசலில் கட்டியது தைரியமான காரியம். அவர்கள் இதைப் பற்றிப் பெரிதாக மேடை போட்டுப் பேசவில்லை என்பதும் கோவையின் சுபாவத்துக்குப் பொருத்தமானது. ஆனால் பேசாதது வேறு, பதிவே இல்லாமல் போவது வேறு.

மற்ற ஊர்களில் இத்தகைய மண்டபங்கள் எப்படி வந்தன என்று பார்த்தால் கோவையின் தனித்தன்மை விளங்கும். சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையம் 2001-ல் திறந்தது. மத்திய அரசின் வர்த்தக மேம்பாட்டு அமைப்பும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து நடத்துவது. மதுரையில் தமுக்கம் மைதானத்து மாநாட்டு மையம் ஸ்மார்ட் சிட்டி பணத்தில் வந்து 2022-ல் திறக்கப்பட்டது. கொழும்பின் பண்டாரநாயக்க நினைவு சர்வதேச மாநாட்டு மண்டபம் சீனா கொடுத்த நன்கொடை, 1973-ல் திறந்தது. எல்லாம் மேலிருந்து வந்தவை. கோவைக்கு ஓரளவு பக்கத்தில் வருவது பெங்களூரு சர்வதேசக் கண்காட்சி மையம். இம்டெக்ஸ் நடத்தும் உற்பத்தியாளர் சங்கமே கட்டி 2007-ல் திறந்தது. அங்கும் சங்கம்தான் சொந்தக்காரர். ஆனால் அது எந்திரம் விற்பவர்களின் சங்கம். கொடிசியா பெரும்பாலும் எந்திரம் வாங்கி உழைப்பவர்களின் சங்கம். வாங்குகிறவன் சந்தையைக் கட்டி, விற்கிறவனை வாடகைக்கு அழைத்த ஊர் கோவை.

பதிவு செய்வது ஏன் முக்கியம் என்பதற்கு ஜெர்மனியில் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. இன்று உலகத் தொழில்துறையின் பெருந்திருவிழாவாக இருக்கும் ஹனோவர் கண்காட்சி, 1947 ஆகஸ்டில், போரில் நொறுங்கிய ஒரு நகரத்தின் ஓரத்தில், ஓர் உலோகத் தொழிற்சாலையின் கூடங்களில் தொடங்கியது. அந்தப் பகுதியை ஆண்டுகொண்டிருந்த பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகத்தின் ஏற்பாடு. 21 நாள், ஏறத்தாழ 1,300 நிறுவனங்கள், 7 லட்சத்துக்கும் மேல் பார்வையாளர்கள். உணவுக்கு ரேஷன் இருந்த காலம். கண்காட்சியில் மட்டும் ரேஷன் சீட்டு இல்லாமல் மீன் வைத்த பன் கிடைத்தது; அந்தப் பன்னின் பெயராலேயே மக்கள் கண்காட்சியை அழைத்தார்கள். இந்தச் சின்ன விஷயம்வரை அங்கே எழுதிவைத்திருக்கிறார்கள். அதைப் படிக்கிற இளம் தொழில்முனைவோருக்கு, தாங்கள் நிற்கும் பளபளப்பான அரங்கம் பசியிலிருந்து எழுந்தது என்று தெரிகிறது.

எதிர் உதாரணம் டெல்லியில் இருக்கிறது. 1972 ஆசிய வர்த்தகக் கண்காட்சிக்காகப் பிரகதி மைதானத்தில் எழுந்த ‘ஹால் ஆஃப் நேஷன்ஸ்’, கட்டடக் கலைஞர் ராஜ் ரேவாலும் கட்டமைப்புப் பொறியாளர் மகேந்திர ராஜும் சேர்ந்து உருவாக்கிய அதிசயம். இரும்புக்குத் தட்டுப்பாடு இருந்ததால் கான்கிரீட்டிலேயே முப்பரிமாணக் கூடு பின்னி, நடுவில் தூணில்லாமல் நிறுத்தினார்கள். 60 ஆண்டு நிறையாத கட்டடத்தைப் பாரம்பரியச் சின்னமாகக் கருத முடியாது என்று சொல்லி, 2017 ஏப்ரலில் ஓர் இரவில் இடித்துத் தள்ளிவிட்டார்கள். அந்த வளாகத்தில் 2023-ல் பாரத் மண்டபம் திறந்தது. கொடிசியா மண்டபத்தைக் கட்டடக் கலை அதிசயம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இரும்புக் கூரை போட்ட, வேலைக்கான கட்டடம். அதனாலேயே அதன் வரலாறு சுவரில் தெரியாது, தாளில்தான் இருக்க வேண்டும்.

தொழிலுக்காகக் கட்டிய மண்டபத்துக்கு ஊர் வேறு பல வேலைகளும் கொடுத்தது. 2010 ஜூன் 23 முதல் 27 வரை உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு அங்கேதான் நடந்தது. குடியரசுத் தலைவர் பிரதிபா பாட்டீல் தொடங்கிவைத்தார். சிந்துவெளி எழுத்தை ஆராய்ந்த பின்லாந்து அறிஞர் அஸ்கோ பர்ப்போலாவுக்குச் செம்மொழித் தமிழ் விருது அந்த மேடையில் வழங்கப்பட்டது. கூடவே தமிழ் இணைய மாநாடும் நடந்தது. அவிநாசி சாலையில் ‘இனியவை நாற்பது’ அலங்கார ஊர்திகளைப் பார்க்க மாவட்டமே திரண்டது. 1968-ல் சென்னை, 1981-ல் மதுரை, 1995-ல் தஞ்சாவூர் என்று உலகத் தமிழ் மாநாடு நடத்திய ஊர்களெல்லாம் தலைநகரங்கள், பழைய அரசிருக்கைகள். மில் ஊரான கோவை தமிழுக்கு வீடாக முடிந்ததற்குப் பட்டறைக்காரர்கள் எந்திரத்துக்காகக் கட்டிவைத்த மண்டபம் பெரிய காரணம். அந்த மாநாட்டில் அறிவித்த செம்மொழிப் பூங்கா 15 ஆண்டு காத்திருந்து, 2025 நவம்பர் 25 அன்றுதான் காந்திபுரத்தில் திறந்தது. அரசு வாக்குறுதி முளைக்கப் பதினைந்து வருஷம், சங்கம் மண்டபம் கட்ட ஆறு மாதம். இந்த வேறுபாட்டைச் சுட்டிக்காட்டத்தான் வேண்டும்.

2015-லிருந்து கோயம்புத்தூர் புத்தகத் திருவிழா. ஜூலையில் அக்ரி இன்டெக்ஸ் வேளாண் கண்காட்சி. திண்டுக்கல், கரூர், கேரளத்துப் பாலக்காடு என்று எங்கிருந்தெல்லாமோ விவசாயிகள் வேன் பிடித்து வந்து களையெடுக்கும் கருவியையும் சொட்டுநீர்க் குழாயையும் பார்த்துப் போகிறார்கள். கொரோனா காலத்தில் அதே மண்டபத்தில் வரிசை வரிசையாகக் கட்டில்கள் போட்டுச் சிகிச்சை நடந்தது. எந்திரங்கள் நின்ற தரையில் மூச்சுத் திணறலோடு வந்தவர்கள் படுத்திருந்தார்கள். 2025 நவம்பர் 19 அன்று தென்னிந்திய இயற்கை வேளாண் மாநாட்டைப் பிரதமர் மோடி அங்கே தொடங்கிவைத்தார். ராணுவத் தளவாடங்களுக்கான புத்தாக்க மையமும் வளாகத்தில் இயங்குகிறது. ஊருக்கு எது வந்தாலும் கொடிசியா என்றாகிவிட்டது.

இந்தப் பெருமையில்தான் கவலையும் ஒளிந்திருக்கிறது. பிரதமரும் முதலமைச்சரும் வரும் மேடை, பன்னாட்டு நிறுவனங்கள் தேடி வரும் அரங்கம் என்றெல்லாம் வளர வளர, ஸ்டால் வாடகையும் ஏறும், தரமும் ஏறும், கூட்டமும் மாறும். சங்கத்தின் மீது குறை சொல்வதற்கில்லை. இத்தனை பெரிய கூரையைப் பராமரிக்க வருமானம் வேண்டும். எந்திரக் கண்காட்சி மட்டும் வருஷம் முழுக்க நடக்காது. வீட்டு உபயோகப் பொருள் கண்காட்சியும் அரசு மாநாடும் கொடுக்கிற வாடகைதான் மண்டபத்தை நிற்க வைக்கிறது. ஆனால் மண்டபம் யாருக்காக எழுந்ததோ, அந்த நாலு லேத்துக்காரர் இன்று எங்கே நிற்கிறார்?

அவர் நல்ல நிலையில் இல்லை. 2023 செப்டம்பர் 25 அன்று மின்கட்டணத்தில் நிலைக் கட்டணத்தையும் உச்சநேரக் கட்டணத்தையும் எதிர்த்துத் தமிழ்நாடு முழுக்கச் சிறுதொழில்கள் கதவடைப்பு நடத்தின. கோவை அதில் முன்னால் நின்றது. ஜாப் ஒர்க் செய்யும் குறுந்தொழில்களுக்கு இன்னொரு அடிப்படைச் சிக்கலும் உண்டு. அவர்களிடம் சொந்தப் பொருள் கிடையாது. பெரிய கம்பெனி கொடுக்கும் வார்ப்பை வாங்கி, வரைபடத்தில் உள்ள அளவுக்குக் கடைந்து, திருப்பிக் கொடுப்பதுதான் தொழில். ஸ்டால் எடுத்தாலும் மேசையில் எதை வைப்பார்கள்? செய்த பாகம் அடுத்தவருடையது, வரைபடமும் அடுத்தவருடையது. அவர்கள் விற்பது எந்திர நேரமும் கைத்திறனும். கண்காட்சி என்ற அமைப்பே அவர்களுக்குப் பொருந்தாமல் போகிறது. சந்தையைக் கட்டிய பரம்பரையில் பாதிப்பேர் இன்று அதே சந்தையில் பார்வையாளர் டோக்கனோடுதான் நுழைகிறார்கள்.

தீர்வு தெரியாத பிரச்சினை இல்லை. வேண்டுபவர் ஸ்டால் போட்டு, செய்பவர் சுற்றி வரும் கண்காட்சியைப் பெரிய அளவில் நடத்தலாம். ரயில்வே, பாதுகாப்புத் துறை நிறுவனங்கள், பம்ப் கம்பெனிகள், வாகன உதிரிபாக நிறுவனங்கள் எல்லாம் தங்களுக்கு வேண்டிய பாகங்களை மேசையில் பரப்பி வைக்கட்டும். குறுந்தொழில்காரர் வந்து கையில் எடுத்துப் பார்த்து, அளந்து, இதை நான் இன்ன விலைக்குச் செய்கிறேன் என்று சொல்லட்டும். கொள்முதல் நிறுவனங்கள் தங்கள் தேவையைக் காட்டும் நிகழ்ச்சிகள் சிறிய அளவில் நடப்பவைதான். அதை இன்டெக் அளவுக்கு, இன்டெக் கொடுக்கும் மரியாதையோடு நடத்த வேண்டும். எல்லாத் தொழிற்கண்காட்சியிலும் ஒரு பகுதியைக் குறுந்தொழில்களின் கூட்டு ஸ்டால்களுக்குக் குறைந்த வாடகையில் ஒதுக்குவதைச் சங்கம் விதியாகவே எழுதிவைக்கலாம். மாநில அரசு கோவையில் மாநாடு நடத்தும்போது, வாடகையோடு அந்த ஒதுக்கீட்டுக்கும் ஒரு தொகை சேர்த்துக் கொடுக்கலாம். கோடிகளைப் போட்டுப் புதிய மாநாட்டு அரங்கம் அறிவிப்பதைவிட இதற்குச் செலவு குறைவு, பலன் அதிகம்.

இதையெல்லாம் கேட்பதற்கு உரிமை எங்கிருந்து வருகிறது என்றால், அந்தத் தொடக்க காலக் கதையிலிருந்துதான் வருகிறது. இந்த மண்டபம் குறுந்தொழில்காரருக்குச் செய்யும் சலுகை இல்லை, அவர்களுடைய சொத்து என்று நாளைய நிர்வாகிகளிடம் ஆதாரத்தோடு சொல்ல ஆவணம் வேண்டும். மண்டபம் கட்டலாம் என்று தீர்மானம் போட்ட கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு, உறுப்பினர்களுக்குப் போன சுற்றறிக்கை, கட்டுமானத்தின் புகைப்படங்கள், முதல் கண்காட்சியின் ஸ்டால் வரைபடம், அந்த ஆண்டின் விருந்தினர் பதிவேடு. இவையெல்லாம் ஓர் அறையில் சேர்ந்தால் அதுவே கோவையின் சிறுதொழில் அருங்காட்சியகமாகிவிடும். கட்டியவர்களில் பலருக்கு இன்று எழுபது, எண்பது வயது. அவர்களை உட்காரவைத்து, ஒலிப்பதிவு செய்து, எழுத்தாக்கும் வேலையை நகரத்தின் கல்லூரிகள் எடுத்துக்கொள்ளலாம்; பொறியியல் மாணவர்களும் வரலாற்று மாணவர்களும் சேர்ந்து செய்ய வேண்டிய காரியம். தாமதிக்க நேரமில்லை.

கோவையிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் பழைய பட்டறை வைத்திருந்த குடும்பங்கள் ஏராளம். அப்பாவின் மேசை டிராயரிலும் பீரோவின் மேல்தட்டிலும் அந்தக் கால அழைப்பிதழோ, ஸ்டால் ரசீதோ, கண்காட்சிப் பேட்ஜோ, மங்கிய குழுப் படமோ இருக்கலாம். வீடு மாறும்போது பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட வேண்டாம். ஹுசூர் சாலையில் ஜி.டி.நாயுடு டவர்ஸ் கட்டடத்தில் சங்கத்தின் அலுவலகம் இருக்கிறது. கொண்டுபோய்க் கொடுங்கள், பெயரெழுதி, தேதி போட்டு, ஒப்புதல் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.